நோமிக்கோஸ் கரையவில்லை

இரண்டாவது முறை குழியைத் திறந்தபோதும் நோமிக்கோஸ் அப்படியேதான் கிடந்தார். மீசைகூடக் கலையவில்லை. யாக்குமிஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னைவிட நல்லா இருக்கார்" என்றான். அதில் மிகை எதுவும் இல்லை. யாக்குமிஸுக்கு அந்த வருஷம் மஞ்சள்காமாலை.

கலித்சா குழியோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். மடியில் மடித்த வெள்ளைத் துணி, காலடியில் ஒரு குப்பி சிவப்பு ஒயின், பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. எலும்பைக் கழுவ ஒயின், துடைக்கத் துணி, அடுக்கி வைக்கப் பெட்டி. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதையெல்லாம் இப்படியே தூக்கிக்கொண்டு வந்து இப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு போனாள். அந்த முறை ஒயினை வீடு போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே குடித்துவிட்டாள்.

"அப்ப நான் எங்க சாமி போறது?" என்று கேட்டாள்.

மாதா கோயில் சாமியார் லினார்தோஸ் தாடியைச் சொறிந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, குனிந்து பார்த்தால் நிமிர ஆள் வேண்டும்.

கலித்சாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தத் தீவு முழுக்கப் பாறை. மண் என்று சொல்லிக்கொள்ளக் கூடியது கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் உண்டு. அதுவும் முன்னோர்கள் எதிர்க் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகப் படகில் கொண்டுவந்து கொட்டியது. அதனால் குடும்பத்துக்கு ஒரு குழிதான். போய்ச் சேர்ந்தவர் மூன்று வருஷம் படுத்திருப்பார். அதற்குள் மண் தன் வேலையை முடித்துவிடும். எலும்பை எடுத்துக் கழுவி, பெட்டியில் போட்டு, கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். குழி அடுத்தவருக்கு. இப்படித்தான் எல்லாக் குடும்பமும் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தது.

அடுத்து கலித்சாவின் முறை. போன குளிர்காலத்திலிருந்தே அவள் தயாராக இருந்தாள். நோய் ஒன்றும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான். முழங்கால் களைத்திருந்தது. கண் களைத்திருந்தது. காலையில் அடுப்பு மூட்டும்போது, நேற்றும் இதையேதானே மூட்டினோம் என்று தோன்றியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை அப்பம் வாங்கியாகிவிட்டது, போர்த்த வேண்டிய துணியைத் தைத்தாகிவிட்டது, கோழிகளை எடுத்துக்கொள்ள ஆள் சொல்லியாகிவிட்டது. ஆனால் போய்ப் படுக்க வேண்டிய இடத்தில் ஒருத்தர் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"யாரோ வாய் விட்டிருக்காங்க கலித்சா" என்றார் சாமியார் கடைசியில். "'நீ கரையாம கெட'ன்னு சொல்லியிருக்காங்க. அது பிடிச்சிருக்கு."

"சும்மா கோவத்துல சொல்றதுக்கெல்லாமா சாமி மண்ணு காது குடுக்கும்?"

"'வெளிச்சம் உண்டாகக்கடவது'ன்னு கடவுள் சொன்னதும்தானே வெளிச்சமே வந்தது? கை வச்சு யாரும் செய்யலையே. செத்துப்போன லாசருவைக் குழியிலிருந்து கயிறு கட்டியா இழுத்தாங்க? பேர் சொல்லிக் கூப்பிட்டார், வந்தான். நம்மளை அவர் சாயல்ல படைச்சிருக்கார். கண்ணு மூக்கு மட்டுமா சாயல்? வாயும்தான்." சாமியார் பெருமூச்சு விட்டார். "அவர் நல்லதுக்குப் பேசினார். நாம பேசுறோம், வாய் வலிக்க. வீணாப் பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசி நாள்ல கணக்குக் கேப்பேன்னு சொல்லியிருக்கார். நம்ம தீவோட முறை வர்றப்ப அவருக்கே களைச்சுப் போயிடும்."

"சொன்னவங்க யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல."

இதற்குத்தான் யாராலும் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நோமிக்கோஸ் உயிரோடிருந்த காலமெல்லாம் கால்பந்து நடுவராக இருந்தவர்.

ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவன்று மேலூருக்கும் கீழூருக்கும் ஆட்டம் நடக்கும். விசில் நோமிக்கோஸிடம். அவரை அந்த வேலைக்கு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தீவில் விசில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் அவர்மேல் விழுந்த சாபம் எத்தனை அடர்த்தி என்றால், கடல்காகங்கள் மைதானத்துக்கு மேலே பறக்காமல் சுற்றிக்கொண்டு போகும். திருவிழா முடிந்ததும் அதே ஆட்கள் அவரோடு உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்பார்கள். சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

"அப்ப ஊரே வரணும்" என்றார் சாமியார். "குழியை மூடு யாக்குமிஸ். மன்னிப்பு ஞாயிறன்னைக்கு எல்லாரும் இங்க வந்து வாயைத் திறந்து சொல்லட்டும்."

தவக்காலம் தொடங்கும் முன் வருகிற ஞாயிறு அது. அன்று ஊரில் ஒவ்வொருவரும் மற்றவரிடம் போய் "என்னை மன்னிச்சிரு" என்பார்கள். அவர் "கடவுள் மன்னிக்கட்டும், நானும் மன்னிச்சேன்" என்பார். வழக்கமாகக் கோயிலுக்குள் நடப்பதை அந்த வருஷம் நோமிக்கோஸின் தலைமாட்டில் நடத்தினார்கள். வரிசை கல்லறை வாசலைத் தாண்டி, படகுத்துறை வரை நின்றது. கலித்சா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து தட்டுகளில் கொண்டுவந்திருந்தார்கள்.

முதலில் யாக்குமிஸ் வந்தான். தீவில் காப்பிக்கடை அவனுடையது. நல்ல மண்வெட்டி வைத்திருந்ததால் குழி வெட்டும் வேலையும் அவனுடையதாகிவிட்டது. வாலிபத்தில் மேலூர் அணியின் முன்வரிசையில் ஆடியவன்.

"நோமிக்கோஸ் மாமா, உங்களை மன்னிச்சேன்" என்றான். பிறகு தொண்டையைச் செருமினான். "ஆனா அது கோல்தான்."

"'ஆனா' போடக் கூடாது" என்றார் சாமியார்.

"சாமி, பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ள போச்சு. கீழூர்க்காரனே கை தட்டினான்."

"வரிசையில பின்னாடி போய் நின்னு, 'ஆனா' இல்லாம வா."

யாக்குமிஸ் அன்று மூன்று தடவை வரிசையில் நின்றான். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மிச்சத்தை அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சாமியார் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டார்.

மற்றவர்களும் சொன்னார்கள். ஒருவன் மஞ்சள் அட்டைக்காக, ஒருவன் சிவப்பு அட்டைக்காக, ஒரு கிழவி எதற்கென்று ஞாபகமில்லாமல், கோதுமை கிடைக்கும் என்பதற்காக. சாயங்காலம் வரை மன்னிப்பு நடந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் ஊரில் யாருமே வாய் திறக்கப் பயந்தார்கள். மீன் விற்கிறவன் "நல்ல மீன்" என்று கூவத் தயங்கி, "மீன்" என்று மட்டும் கூவினான். கழுதையை அதட்ட வேண்டியவர்கள் அதைக் கெஞ்சி நடத்தினார்கள். கழுதைகள் இன்னும் அதை மறக்கவில்லை.

ஆனால் குழியை மூடிய மண்மேடு மேடாகவே இருந்தது. மண் இளகினால் மேடு இறங்கும். கல்லறை பார்த்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். கலித்சா தினமும் போய்ப் பார்த்தாள். ரொட்டி அடுப்பில் உப்பின மாதிரி நின்றது அது.

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள் சாமியாரிடம்.

"ஒருத்தி வரல" என்றார் சாமியார், கடலைப் பார்த்துக்கொண்டு.

யாரென்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. ஸம்பேத்தா வரவில்லை. நோமிக்கோஸின் உடன்பிறந்த தங்கை. அடக்கம் நடந்த நாளிலிருந்து கலித்சா அவளோடு பேசுவதில்லை. ஒருத்தி வருகிற சந்தில் இன்னொருத்தி போகமாட்டாள். மன்னிப்பு ஞாயிறுகளில்கூட ஒருத்தி பூசைக்கு முன்னால் வந்து மெழுகுத்திரி ஏற்றிவிட்டுப் போவாள், இன்னொருத்தி பின்னால் வருவாள்.

"அவதான்" என்றான் யாக்குமிஸ், கடையில் அவள் முன்னால் காப்பியை வைத்துக்கொண்டே. "வேற யாரு அக்கா? கூடப் பொறந்தவ வாய் விட்டா உப்புகூடக் கரையாது."

கலித்சா காப்பியைக் குடித்தாள். கசந்தது. ஸம்பேத்தாவின் வீடு மலையுச்சியில், பழைய காற்றாலைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஆடு ஏறும், ஸம்பேத்தா ஏறுவாள், காற்று ஏறும். கலித்சாவின் முழங்கால் ஏறாது. ஆனாலும் இன்னொரு மூன்று வருஷம் அடுப்பு மூட்டுவதை நினைத்துப் பார்த்தாள். எழுந்து நடந்தாள்.

ஏறும் வழியில் கல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் அப்படியே கண்ணை மூடிவிடலாம் போலிருந்தது. இடம் காலியில்லை என்பது ஞாபகம் வர, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுந்தாள்.

ஸம்பேத்தா வாசலில் பெரிய செம்புப் பாத்திரத்தில் ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் வந்துபோனவளிடம் பேசுவதுபோல, "வா அண்ணி" என்றாள். "நாய் ஏன் குரைக்கலைன்னு பாத்தேன். நீதான் வர்றேங்கிறதை அதாலேயே நம்ப முடியல."

"நான் விருந்துக்கு வரல. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கோ. எனக்கு அசதியா இருக்கு ஸம்பேத்தா."

"எதை எடுத்துக்கணும்?"

"உங்க அண்ணனைக் கரையாம கெடன்னு சொன்னியே, அதை."

ஸம்பேத்தா கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பால் அடிப்பிடித்துவிடும். "அண்ணனை நான் சொல்லாத பேச்சில்ல. கழுதைன்னு சொல்லியிருக்கேன். அப்பாவோட படகை ஓட்டை போட்டப்ப அதைவிட மோசமாவும் சொல்லியிருக்கேன். அது மட்டும் சொன்னதில்ல. சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாரு?"

ஸம்பேத்தா இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு.

"இது யாரு பல்லு?"

கலித்சாவுக்குத் தெரியும். அடக்கத்தன்று, பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, அழுதுகொண்டிருந்த அவள் வாயை இந்தக் கைதான் வந்து பொத்தியது. ஊர் முன்னால், அவள் புருஷன் முன்னால். அவள் கடித்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

"என் புருஷனுக்கு நான் அழறதை நீ பொத்தினே" என்றாள். "உன் அண்ணன்னா எனக்கு அழ உரிமை இல்லியா? அதை நான் மறக்கல."

"அழறதையா? காலையிலிருந்து அழுதே. யார் தடுத்தா? கத்தினே, தலைமுடியைப் பிச்சே, சாமியோட அங்கியைக் கிழிச்சே. நான் பேசாமத்தானே நின்னேன். கடைசியில நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

கலித்சா யோசித்தாள். அந்த நாளில் குழியின் கறுப்பைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"குழிக்குள்ள குனிஞ்சு சொன்னே அண்ணி. 'மண்ணே, இந்த மீசையைத் தொடாதே. இந்தக் கையைத் தொடாதே. நான் வர்ற வரைக்கும் இவரை அப்படியே வச்சிரு'ன்னு. மலையில மேஞ்ச ஆடெல்லாம் திரும்பிப் பாத்தது. 'மீசை'ன்னதுமே நான் பாய்ஞ்சேன். அதுக்குள்ள சொல்லெல்லாம் வெளிய போயிருச்சு."

பால் பொங்கி வந்தது. ஸம்பேத்தா விறகை இழுத்துப் போட்டாள்.

"வச்சிருக்கு" என்றாள்.

கலித்சா அங்கே கிடந்த கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். நாய் வந்து அவள் காலடியில் படுத்தது.

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? என்னைப் பாத்தாலே சந்து மாறிப் போறவகிட்டயா? இல்ல வரிசையில வந்து நின்னு, ஊர் கோதுமை தின்னுக்கிட்டிருக்கிறப்ப, 'அண்ணி, நீதான்'னு சொல்லவா?" ஸம்பேத்தா கரண்டியைத் தட்டிவிட்டு வைத்தாள். பிறகு குரல் இறங்கியது. "இன்னொண்ணும் உண்டு. அவர் அங்க முழுசா இருக்கார்னு நெனைக்கிறது எனக்கும் பிடிச்சிருந்தது."

"நான் ஆசையில சொன்னதுடி."

"தெரியும்."

"ஆசையில சொன்னதுமா ஒட்டும்?"

"நீ சொன்ன மாதிரி சொன்னா ஒட்டும்" என்றாள் ஸம்பேத்தா. "எழுந்திரு. பால் ஆறுறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்."

இறங்கும்போது ஸம்பேத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல் கலித்சாவின் உள்ளங்கையில் பட்டது. பாதி வழியில் கலித்சா நின்றாள். "என்னை மன்னிச்சிரு" என்றாள், விரலைப் பார்த்து.

"கடவுள் மன்னிக்கட்டும், நானும் மன்னிச்சேன்" என்றாள் ஸம்பேத்தா. "பல்லு நல்லாத்தான் இருக்கு உனக்கு. சாகற வயசுன்னு யாரும் நம்பமாட்டாங்க."

அவர்கள் கல்லறைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிழவிகள் இரண்டு பேரும் கைகோத்து மலையிறங்குவதைக் காப்பிக்கடையிலிருந்து பார்த்துவிட்டு யாக்குமிஸ் சாமியாரை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். சாமியார் தோளில் ஜெபப்பட்டையைப் போட்டுக்கொள்ளப் போனார். கலித்சா வேண்டாம் என்று கையாட்டினாள்.

"உங்க வாய் இல்ல சாமி இது. நான் விட்டது."

மேட்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். எளிதான காரியம் என்றுதான் நினைத்து வந்தாள். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவள் படுக்க இடம் கிடைக்கும். ஆனால் இத்தனை வருஷமும் அடுப்பு மூட்டும்போது, ரொட்டி அறுக்கும்போது, விளக்கணைக்கும்போது, அவர் அங்கே முழுசாக இருக்கிறார், மீசையோடு, என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெறும் மண்ணிடம் போய் இவரைத் தின்று தீர் என்று சொல்வது எப்படி?

ஸம்பேத்தா பின்னால் நின்றாள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

"மண்ணே" என்றாள் கலித்சா. "மீசையை எடுத்துக்கோ."

காற்று வீசியது. ஊசியிலை மரம் அசைந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கையை எடுத்துக்கோ. இடது கையில வெந்நீர் கொட்டின தழும்பு இருக்கும். அதையும் எடுத்துக்கோ. அது நான் கொட்டினதுதான்." கண்ணைத் துடைத்தாள். "நோமிக்கோ, எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீ முன்னால போ. நான் வந்துர்றேன்."

மேடு ஒரு சாண் இறங்கியது.

யாக்குமிஸ் பார்த்தான், சாமியாரும் பார்த்தார். சத்தம்கூட வந்தது என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள்: நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவன் பூட்சைக் கழற்றும்போது விடுகிற மூச்சு மாதிரி. நம்பாதவர்கள் அந்தத் தீவுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். படகு வாரத்துக்கு ஒரு முறை உண்டு, கடல் சரியாக இருந்தால்.

உடனே திறக்கக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டார். திராட்சை அறுத்து முடித்த பிறகு ஒரு காலையில் யாக்குமிஸ் குழியைத் திறந்தான். எலும்புகள் சுத்தமாக, பழைய தேன்மெழுகு நிறத்தில் கிடந்தன. நல்ல அடையாளம் என்றார் சாமியார். ஒவ்வொன்றாகக் கலித்சா வாங்கினாள், புது ஒயினில் கழுவினாள். ஸம்பேத்தா துடைத்தாள், பெட்டியில் அடுக்கினாள். தலையை மட்டும் கலித்சா கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். மீசை இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள்.

கடைசியாக யாக்குமிஸ் குழிக்குள்ளிருந்து பச்சைக் களிம்பு பிடித்த ஒன்றை எடுத்து நீட்டினான். விசில்.

"இதை என்ன பண்றது அக்கா? பெட்டியில போடவா?"

"நீயே வச்சுக்கோ" என்றாள் கலித்சா. "அது கோல்தான்னு வீட்டுல அவரே சொன்னார்."

யாக்குமிஸ் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். "எப்போ சொன்னார்?"

"அன்னைக்கு ராத்திரியே. மிச்சக் கறியைத் தின்னுக்கிட்டே."

"ஒரு வார்த்தை" என்றான் யாக்குமிஸ். "ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. முப்பது வருஷம்!" விசிலைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அவன் முகத்தில் மஞ்சள்காமாலையின் கடைசி மிச்சம் அப்போதுதான் போனது என்று கீழூர்க்காரர்கள் சொல்வார்கள். மேலூர்க்காரர்கள் அது மருந்தால் என்பார்கள்.

பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேலே ஏறினான். குழி காலியாக, சதுரமாக, ஈர மண் வாசனையோடு கிடந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கலித்சா அதே கல்லில் உட்கார்ந்து குழியைப் பார்த்தாள். ஸம்பேத்தா பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, எறங்கலையா? இடம்தான் காலியாயிருச்சே."

"இன்னைக்கு இல்ல. இப்பதான் ஒருத்தரை அனுப்பியிருக்கேன். அசதியா இருக்கு."

குப்பியின் அடியில் கொஞ்சம் ஒயின் மிச்சமிருந்தது. கலித்சா ஒரு மிடறு குடித்துவிட்டு ஸம்பேத்தாவிடம் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நான் போறப்ப நீ வாயைப் பொத்திக்கிட்டு நில்லு. உன் வாயை."

"பயப்படாதே அண்ணி" என்றாள் ஸம்பேத்தா, குப்பியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு. "மண்ணு பிடிச்சு வச்சுக்கிற அளவுக்கு உன்னைப் பத்தி நல்ல வார்த்தை எதுவும் என்கிட்ட இல்ல."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கலித்சா அதைப் பார்க்காததுபோலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.